ஒரு மாவு மூட்டை குறைச்சல்

விடிவதற்குச் சற்று முன், குடிலின் பின்கதவைத் தோளால் இடித்துத் திறந்துகொண்டு, இரவுச் சட்டையோடும் கட்டைச் செருப்போடும் நோட்புர்கா பென்ஸ் பனிமேல் போய் நிற்கிறாள். கூரை நிழல் விழாத இடமாகப் பார்த்து வலது காலை வைத்து, உடம்பின் மொத்த எடையையும் அதன்மேல் இறக்குகிறாள். பிறகு இடது காலை. பிறகு இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவளைப் போல எதிர்மலையைப் பார்க்கிறாள். உள்ளே சன்னல் கண்ணாடிகளில் விருந்தாளிகளின் மூக்குகள் ஒட்டியிருக்கின்றன. பல் தேய்க்கும் சத்தம்கூட நின்றுபோகிறது.

பனி அவளைத் தாங்கினால் உள்ளே வந்து அடுப்பு மூடியைக் கரண்டியால் ஒரு தட்டு தட்டுவாள். காப்பி வரும், சறுக்குப் பலகைகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் மலையேறக் கிளம்பலாம். கால் உள்ளே போய்விட்டதென்றால் அடுப்பு மூடி வாய் திறக்காது. மேசைமேல் ஒரு சீட்டுக்கட்டு வந்து பொத்தென்று விழும். அன்று முழுவதும் சீட்டாட்டமும் பன்றி இறைச்சி வைத்த ரொட்டி உருண்டையும்தான். மேல்முறையீடு கிடையாது.

"நூறு பேரு மலையேறி வரலாம். பனி கேக்கறது ஒரே கேள்விதான்: புர்கல் நிக்கறாளா, முழுகறாளா" என்பாள். புர்கல் என்பது ஊர் வைத்த சுருக்கம். அக்கம்பக்கத்துக் குடில்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் தராசு. அது அவள் காதுக்கும் வந்தது. கோபித்துக்கொள்ளாமல் அடுப்படிச் சுவரில் சாக்கட்டியால் ஒரு தராசுப் படம் போட்டுவைத்தாள்.

மார்ச் கடைசியில் தொடங்கி ஏப்ரல் முடிய, மலைமேல் அவள் நடத்தும் ஸ்டைன்கார் குடிலுக்கு ஏறி வருகிறவர்களுக்கு ஒரு பைத்தியம் உண்டு. பகல் வெயிலில் நனைந்த பனி, வானம் தெளிந்த இரவில் தன் சூட்டையெல்லாம் மேலே விட்டுவிட்டுக் கல்லாய் உறைந்துவிடும். காலை வெயில் ஏறும்போது அதன் மேல்தோல் மட்டும், ஒரு விரல்கடை ஆழத்துக்கு, ரவை ரவையாக இளகும். அந்த ரவைமேல் பலகை வைத்து இறங்குகிறவன் மனிதனாக இருப்பதில்லை. எழுபது வயது நோட்டரி ஒருவர் சென்ற வசந்தத்தில் மலையுச்சியிலிருந்து குடில் வாசல் வரை பாடிக்கொண்டே இறங்கி வந்து, வேகம் அடங்காமல் விறகுக் குவியலில் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகும் பாட்டை நிறுத்தவில்லை. இத்தனை சுகமும் கொஞ்ச நேரத்துக்குத்தான். வெயில் இன்னும் ஏறினால் ரவை கூழாகிவிடும். சரிவான இடங்களில் கூழ் தன் இடத்தில் இருக்காது, மலையை விட்டுவிட்டுக் கிளம்பிவிடும். இரவில் மேகம் மூடியிருந்தாலோ கதை இன்னும் மோசம். போர்வைக்குள் படுத்தவனுக்குக் குளிருமா என்ன? பனி உறையவே உறையாது. மேலே ஒரு பொருக்கு மட்டும் கட்டிக்கொண்டு, உள்ளே எல்லாம் சொதசொதவென்று கிடக்கும்.

அந்தப் பொருக்கையும் கல்லையும் பிரித்துச் சொல்வதற்குத்தான் புர்கலின் எடை. அவளுடைய எடை சாதாரணமானதல்ல. அவளே வாய்விட்டுச் சொல்வாள்: "எங்க அம்மா எனக்குச் சொத்துன்னு விட்டுட்டுப் போனது இந்த இடுப்பும் ஒரு இஸ்திரிப் பெட்டியும். பெட்டி ரிப்பேரு."

மலைமேல் யாருக்கும் மரியாதைப் பன்மை கிடையாது. பள்ளத்தாக்கில் நீதிபதியாக இருந்தாலும் மேலே ஏறிவிட்டால் 'நீ'தான். புர்கல் இதை மற்றவர்களைவிடச் சற்று உற்சாகமாகவே கடைப்பிடிப்பாள். "உள்ள வா. பூட்ஸக் கழட்டு. உன் காலுறை நாறுது, அத வெளியவே விட்டுட்டு வா." வியன்னாவிலிருந்து மனைவியோடு வந்திருந்த லோதர் என்ற பல் டாக்டருக்கு மட்டும் இது தொண்டையில் இறங்கவில்லை. அவர் அவளை 'நீங்க' என்பார். அப்படிச் சொல்லும் ஒவ்வொரு முறையும் அவர் தட்டிலிருந்து ஒரு ரொட்டி உருண்டையை எடுத்துக்கொள்வாள். வந்த மூன்று நாளில் மனிதர் ஒரு சுற்று இளைத்துவிட்டார்.

சாயங்காலம் கடைசி ஆள் இறங்கி வந்து பலகையைச் சுவரில் சாய்த்ததும், பரணிலிருந்து பித்தளைக் கொம்பை எடுத்துக்கொண்டு முன்வாசலுக்கு வருவாள். ஊர் பேண்டுக் குழுவில் பின்வரிசையில் நின்று ஊதுகிற கொம்பு அது. அவளுக்கு முழுதாகத் தெரிந்த அணிவகுப்புப் பாட்டு ஒன்றே ஒன்றுதான், அதிலும் நடுவில் ஓரிடத்தில் சுருதி பிசகிக் குதிரை கனைக்கும். ஊதினால் எல்லோரும் வந்துவிட்டார்கள், சூப் மேசைக்கு வந்துவிட்டது என்று பொருள். ஒருவர் வராமல் இருந்தாலும் கொம்பு பரணைவிட்டு இறங்காது.

லோதருக்கு அந்தக் கொம்பைக் கண்டாலே நடுக்கம். பனிக்குப் பக்கத்தில் உரக்கப் பேசினால் மலையே சரிந்துவிடும் என்று எங்கோ படித்திருக்கிறார். வெளியே வந்தால் குசுகுசுவென்றுதான் பேசுவார்.

"சத்தத்துக்கு மலை சரியும்னா, நான் பொழச்ச பொழப்புக்கு இங்க ஒரு மலையும் மிஞ்சியிருக்காது" என்றாள் புர்கல். "என் புருஷன் கூட இருந்த காலத்துல நான் போட்ட சத்தம் இத்தாலி வரைக்கும் கேட்டுது. சரிஞ்சு போனது அவன் மட்டுந்தான்." அந்த மனிதர் இப்போது பள்ளத்தாக்கில் சைக்கிள் கடை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்.

இப்படியே போயிருந்தால் ஒரு குறையும் இல்லை. ஆனால் போன இலையுதிர்காலத்தில் புர்கலின் வலது முழங்கால் மக்கர் செய்தது. முட்டி டாக்டர் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார். "ஒண்ணு எடை எறங்கணும், இல்ல நீ மலையெறங்கணும்" என்றார். குடில் மூடியிருந்த மாதங்கள் முழுக்க அவள் முட்டைக்கோஸ் சூப் குடித்தாள். வெண்ணெயைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மார்ச்சில் குடிலைத் திறக்க மேலே வந்தபோது, சாமான் ஏற்றும் கம்பிவடக் கூடையை இயக்குகிற ஆளுக்கே அவளை அடையாளம் தெரியவில்லை.

அதில் அவளுக்கு வந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. இரவுச் சாப்பாடு முடிந்ததும் சரக்கறையிலிருந்து ஒரு மாவு மூட்டையைத் தூக்கி வந்து விருந்தாளிகளின் மடியில் வரிசையாக வைப்பாள்.

"கனம் பாரு. ம்? இந்த ஒரு மூட்டை இப்ப என்கிட்ட இல்ல. எங்க போச்சுன்னு எனக்கே தெரியல."

"கீழ எங்கேயாவது யாரு மேலயாவது விழுந்திருக்கும்க்கா" என்றான் வின்ஸன்ஸ். அவளுடைய தம்பி அவன். மலைவழிகாட்டி. விருந்தாளிகளைப் பனியில் ஏற்றி இறக்குவது அவன் பொறுப்பு.

"பொறாமை" என்றாள் அக்கா. "டேய், என் கல்யாணக் கவுனுக்கு இப்ப பொத்தான் போட முடியுது, தெரியுமா?"

"கல்யாணந்தான் போயிடுச்சு."

மூட்டை எல்லோருடைய மடியையும் சுற்றி வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். இவ்வளவு பேர் தூக்கிப் பார்த்தும், அந்த மூட்டை என்ன சொல்கிறது என்று ஒருவருக்கும் கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை என்றால், குடில் திறந்த முதல் வாரங்களில் இரவெல்லாம் கொடுங்குளிர். யானையே வந்து நின்றாலும் பனி தாங்கியிருக்கும். புர்கல் தினமும் நின்றாள், அடுப்பு மூடியைத் தட்டினாள், எல்லோரும் ரவைப் பனியில் வெறிகொண்டு சறுக்கிவிட்டு வந்தார்கள். பிறகு ஒரு நாள் இரவில் தெற்கிலிருந்து மேகம் வந்து மூடிக்கொண்டது. விடியும் நேரத்தில் மட்டும் ஏதோ ஞாபகம் வந்ததுபோல் விலகியது. காலையில் வானம் கழுவிவைத்த நீலத் தட்டாக இருந்தது.

புர்கல் வெளியே போனாள். வலது காலை வைத்தாள். பனி மெல்ல முனகியது, ஆனால் தாங்கியது. இடது காலுக்கும் தாங்கியது.

பின்னாலேயே வந்த வின்ஸன்ஸ் கைத்தடியைத் தலைகீழாகப் பிடித்துப் பனியில் குத்திப் பார்த்தான். "அக்கா, தடி உள்ள போகுதே. ரேடியோலயும் ராத்திரி மேகம், சரியா உறையாது, ஜாக்கிரதைன்னுதான் சொன்னான்."

"ரேடியோக்காரன் இங்க வந்து நின்னானா? தடி ஒல்லி, குத்தினா எங்க வேணா போகும். நான் நிக்கறேன் பாரு."

"நிக்கறதான். ஆனா எனக்கு என்னமோ..."

"நான் நின்னு நீ முழுகின கதை உண்டா?"

இல்லை. அதுதான் தொல்லை. இத்தனை வருஷத்தில் அவள் கால் ஒருமுறைகூடத் தப்புச் சொன்னதில்லை. அதோடு வின்ஸன்ஸ் எத்தனை சிகரம் ஏறியவனாக இருந்தாலும் வீட்டில் தம்பிதானே. அடுப்பு மூடி டங்கென்றது. லோதரின் மனைவி ஹெட்விக், லின்ஸ் நகரத்திலிருந்து வந்த ஒரு ஜோடி, இவர்களோடு வின்ஸன்ஸ் கிளம்பினான். லோதருக்குக் குதிகாலில் கொப்புளம். அவர் பின்தங்கி அடுப்போரம் உட்கார்ந்துகொண்டார்.

அவர்கள் போன சரிவுக்குக் கல்யாணக் கவுன் என்றுதான் ஊரில் பெயர். கரும்பாறைச் சுவருக்குக் கீழே அகலமாக விரிந்து குடிலுக்கு எதிரே இறங்குகிறது. காலை வெயில் முதலில் பாறையைச் சுட வைக்கும், பாறை பனியைச் சுட வைக்கும். நன்றாக உறைந்த நாளில் அதைப்போல ஒரு சறுக்கு நிலம் அந்தப் பக்கத்திலேயே இல்லை. உறையாத நாளில் அங்கே யாரும் நிற்கக்கூடாது.

புர்கல் அன்று பிய்த்துப் போட்ட இனிப்பு அப்பம் செய்வதாக இருந்தாள். மாவு கம்பிவடக் கூடையில் வந்து எதிர்க் கொட்டகையில் கிடந்தது. கொட்டகைக்கும் அடுப்படிக்கும் நடுவில் பனித் தரைதான். போகும்போது அதன்மேல் சாதாரணமாக நடந்து போனாள். ஒரு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பாட்டை முணுமுணுத்தபடி திரும்பினாள். பாதி வழியில் தரை விட்டுவிட்டது. வலது கால் தொடை வரை உள்ளே போனது, ஆதரவுக்கு வைத்த இடது காலும் போனது. மூட்டை வாய் பிளந்து முகமெல்லாம் மாவு.

முதலில் அவள் சிரித்தாள். இடுப்பு வரை பனியில், இடுப்புக்கு மேலே மாவில், யார் பார்த்தாலும் சிரிக்கத்தான் வேண்டும். சன்னலில் லோதரும் சிரித்தார். பிறகு அவள் கண் தோளில் இருந்த மூட்டைக்குப் போனது. அதே இடத்தில், விடியும்போது தான் பதித்த செருப்புத் தடங்களுக்குப் போனது. ஆழமில்லாத, மேலோட்டமான தடங்கள். சிரிப்பு அப்படியே நின்றது. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இங்கே யானை இளைத்துப்போனதுதான் தகராறு.

"கடவுளே" என்றாள். "நான் பழைய புர்கல் இல்லையே."

தம்பி தடியால் குத்திக் காட்டியதும், தான் அவன் வாயை அடைத்ததும் ஒன்றாக ஞாபகம் வந்தன. எப்படி வெளியே வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கால் வந்தது, ஒரு செருப்பு வரவில்லை. அடுப்படிக்குள் ஓடி வாக்கி டாக்கியை எடுத்தாள்.

"வின்ஸ், திரும்பு. டேய், திரும்பு."

திரும்பு, டேய், திரும்பு என்று அவள் குரலே அவளுக்குப் பின்னாலிருந்து கேட்டது. வின்ஸன்ஸின் கருவி ரொட்டிப் பெட்டிக்கு மேல் சார்ஜில் கிடந்தது. அவன் மறந்து போயிருந்தான். புர்கல் அதை ஒரு கணம் பார்த்தாள். பிறகு பரணைப் பார்த்தாள்.

கொம்போடு அவள் முன்வாசலுக்கு வந்தபோது கவுனின் கீழ் விளிம்பில் நான்கு புள்ளிகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. பாறைச் சுவரில் வெயில் மஞ்சளாக வழிந்தது. லோதர் ஒற்றைக் காலில் குதித்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஊதாதீங்க. தயவுசெஞ்சு ஊதாதீங்க. மேல என் ஹெட்விக் இருக்கா. இந்தச் சத்தத்துல..."

"யோவ், கேளு. சத்தத்துக்கு ஒண்ணும் ஆகாது. வெயிலுக்குத்தான் ஆகும். ராத்திரி பனி உறையல. நான் இளைச்சுட்டேன், அதான் என்னைத் தாங்குச்சு. ஒரு மூட்டையத் தூக்கினதும் தாங்கல. புரியுதா? அவங்க நிக்கறது கூழு மேல. அந்தப் பாறைக்கு அடியில போறதுக்குள்ள திரும்பணும்."

பல் டாக்டருக்கு மெதுவாகத்தான் புரிந்தது. ஆனால் புரிந்ததும் அவள் கையை விட்டுவிட்டார். அவளது மாவு முகத்துக்கு அருகில், மூன்று நாளாகக் குசுகுசுத்த அந்த மனிதர் முழுத் தொண்டையில் கத்தினார்: "அப்ப ஊது. நீ ஊது."

ஊதினாள். மனம் பதறினாலும் மூச்சு பதறவில்லை. முட்டைக்கோஸ் சூப் அவள் இடுப்பைத்தான் தின்றிருந்தது, நெஞ்சைத் தொடவில்லை. அணிவகுப்புப் பாட்டு எதிர்மலையில் மோதித் திரும்பி வந்தது. குதிரை கனைக்க வேண்டிய இடத்தில் கனைத்தது. எல்லோரும் வந்துவிட்டார்கள், சூப் தயார் என்று ஒருவரும் வராத காலையில் அந்தக் கொம்பு சொன்னது. நான்கு புள்ளிகளும் நின்றன. ஒரு புள்ளி சந்தோஷமாகக் கையாட்டியது.

"ஹெட்விக்தான்" என்றார் லோதர் அழாக்குறையாக. "தனக்காக ஊதறதா நெனச்சிட்டா."

புர்கல் பாட்டை முடித்து, மூச்சு வாங்காமல் மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். முன்னால் இருந்த புள்ளி, அதுதான் வின்ஸன்ஸ், அசையாமல் நின்றது. அக்கா வாழ்நாளில் எதையும் நேரம் தவறிச் செய்ததில்லை என்பது அவனுக்குத் தெரியும். பிறகு அது தடியை உயரத் தூக்கியது. புள்ளிகள் ஒவ்வொன்றாகத் திரும்பின.

இறங்கி வந்த அழகைச் சொல்லக்கூடாது. பொருக்கு உடைந்து உடைந்து பலகையை விழுங்கியது. லின்ஸ்காரர் தலைகுப்புற விழுந்தார், அவரை எடுக்கப் போன மனைவி அவர்மேல் விழுந்தாள், இருவரையும் சுற்றிப்போக நினைத்த ஹெட்விக் இருவர்மேலும் விழுந்தாள். மூன்று பேரும் சிரித்த சிரிப்பு குடில் வரை கேட்டது. வின்ஸன்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. ஒவ்வொருவராகத் தூக்கி நிறுத்தி, இடைவெளி விட்டு, ஒருவர் பின் ஒருவராக விரட்டிக்கொண்டு வந்தான். வாசலுக்கு வந்ததும் அக்காவை மேலும் கீழும் பார்த்தான். ஒரு செருப்பு. மாவு முகம். கையில் கொம்பு.

"சூப் எங்க?" என்றான்.

"சூப் இல்லடா."

"அப்ப எதுக்குக் கூப்ட்ட?"

அவள் சொன்னாள். ஒளிக்காமல், சுற்றி வளைக்காமல், மூட்டையிலிருந்து செருப்புத் தடம் வரை எல்லாம் சொன்னாள். "நீ சரியாத்தான் சொன்ன. நான்தான் கேக்கல" என்றாள் கடைசியில். தம்பிக்கு அக்கா கொடுத்த முதல் வெற்றி அது. அதை எங்கே வைப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை. "நானும் அத இங்கயே விட்டுட்டுப் போனேன்" என்று ரொட்டிப் பெட்டிமேல் கிடந்த கருவியைக் காட்டிவிட்டு பூட்ஸைக் கழற்ற உட்கார்ந்தான்.

இனிப்பு அப்பம் மேசைக்கு வந்து, எல்லோரும் ஒரே தட்டில் கரண்டிகளை விட்டுக்கொண்டிருந்தபோது அது நடந்தது. பெரிய வெடிச்சத்தம் ஒன்றும் இல்லை. வண்டி நிறையத் தேங்காயைக் கொட்டியதுபோல ஒரு கடகடப்பு. சன்னலுக்கு வெளியே கல்யாணக் கவுன் பாறையடியிலிருந்து விட்டுக்கொண்டு, ஈரமும் கனமுமாக, அவசரமே இல்லாமல் இறங்கியது. காலையில் நான்கு பேர் போட்ட தடம் ஒரு கோடாகத் தெரிந்துகொண்டிருந்தது. பிறகு தெரியவில்லை.

கரண்டிகள் நின்றன. லோதர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். கரண்டியோடு இருந்தது அந்தக் கை, அதைக் கீழே வைக்கவும் அவர் விடவில்லை. புர்கல் சன்னல் பக்கம் திரும்பாமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அக்கா" என்றான் வின்ஸன்ஸ். "இன்னொரு தட்டு போடு. உனக்கும் சேத்து. வெண்ணெய் நெறைய."

"முட்டி டாக்டர் திட்டுவார்டா."

"அப்ப மலைக்கு வேற தராசு பாக்கணும்."

முதலில் சிரித்தது ஹெட்விக்தான். அப்புறம் மேசையே சிரித்தது, சன்னல் கண்ணாடிகள் அதிர அதிரச் சிரித்தது, நேரம் போவது தெரியாமல் சிரித்தது. லோதர் "நீ உக்காரு, நீ சாப்பிடு, நீ ஊதினது என்னா ஊதல்" என்று ஒரே மூச்சில் எல்லா 'நீ'யையும் சொல்லித் தீர்த்தார். அவரிடமிருந்து பறித்த ரொட்டி உருண்டைகளுக்குப் பதிலாக அவர் தட்டில் அப்பம் மலையாகக் குவிந்தது. புர்கல் தனக்கென்று போட்டுக்கொண்டது இரண்டே வாய். புதிதாகக் கிடைத்த இடுப்பை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை, முழங்காலும் விடாது.

அன்று இரவு மேகம் இல்லை. விடிவதற்குச் சற்று முன் சன்னல்களில் மறுபடி மூக்குகள் ஒட்டின. பின்கதவு இடிபட்டுத் திறந்தது. புர்கல் இரவுச் சட்டையோடும், ஒரு காலில் தன் செருப்பும் மறு காலில் தம்பியின் செருப்புமாக வாசலில் நின்றாள். கதவோரம் குனிந்து மாவு மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். பனிமேல் நடந்து போய் வலது காலை வைத்தாள். இடது காலை வைத்தாள். பனி முனகக்கூட இல்லை. கைகளை இடுப்பில் ஊன்றப் போனவள் நிறுத்தி, மூட்டையை இறுகப் பிடித்துக்கொண்டு, இருந்த இடத்திலேயே ஒரு குதி குதித்தாள்.